இலவசமாய் வந்த காதுமூடி

கடையில் கரண்ட் இல்லை. அது றவூபுக்கு வசதியாகப் போயிற்று.

கல்முனையில் அந்த இரும்புக் கடைக்குள் அவர் நுழைந்தபோது மின்விசிறிகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. விற்பனைக்கு நிற்கும் வினோதன் ஒரு பெட்டி அட்டையைக் கிழித்து விசிறிக்கொண்டிருந்தான். மூலையில் பச்சை நிறத்தில் நின்றது அந்தப் பிளேனர். கரடுமுரடான பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் மழமழவென்று சீவித் தள்ளும் மெஷின். அதைப் போனில் பார்த்துப் பார்த்தே றவூபின் கண் பழுதாகியிருந்தது.

"சத்தம் எப்படித் தம்பி?"

"பொய் சொல்லக் கூடாது நானா. இது கத்தும்." முஸ்லிம் வாடிக்கையாளரை அண்ணா என்பதற்கு நானா என்றுதான் அவன் அழைப்பான்.

"எவ்வளவு கத்தும்?"

"வாயால சொல்ல ஏலாது. கொஞ்சம் இருங்களன், கரண்ட் வந்ததும் போட்டுக் காட்டுறன்."

றவூப் வாசலைப் பார்த்தார். எதிர்க்கடையிலும் இருட்டு. எந்த நேரமும் வந்துவிடலாம் போல இருந்தது.

"தேவல்ல தம்பி. கட்டுங்க, எடுத்துட்டுப் போறன்."

"ஐயோ, கேட்டுட்டு எடுங்க நானா. பக்கத்தில வீடு வாசல் இருக்குத்தானே?"

"இருக்கு. நீங்க கட்டுங்க."

வினோதன் தோளைக் குலுக்கிவிட்டுக் கயிறு எடுக்கப் போனான். திரும்பி வரும்போது கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு காதுமூடி. இரண்டு கிண்ணங்களை ஒரு வளையத்தில் பூட்டியது போல இருந்தது.

"இது மெஷினோட இலவசம். உங்களுக்கு இது இருக்கு. பக்கத்து வீட்டாருக்கு நான் என்னத்தக் குடுக்க?"

இருவரும் சிரித்தார்கள். றவூப் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

சத்தத்தைக் கேட்டுவிட்டால் அந்த மெஷினை வாங்க முடியாது. அது அவருக்குத் தெரியும். ஏனென்றால் அவர் ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

றவூப் தபால் கந்தோரில் வேலை பார்ப்பவர். சாய்ந்தமருதில் மனைவி நஸ்லாவுக்குச் சீதனமாக வந்த வீட்டின் பின்வளவில் தகரத்தால் ஒரு கொட்டில் போட்டு, லீவு நாட்களில் அங்கே மரவேலை செய்வார். ஸ்டூல், குர்ஆன் வைத்து ஓதும் பலகை, தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு மேசை. அவரிடம் இருந்த பழைய மெஷின் ஓடினால் ஒழுங்கை முழுவதும் பல் கூசும். ஆனாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கடற்கரை மண் வெறும் குருத்து மணல். இறந்தவருக்குக் கபுறுக் குழி வெட்டி மையத்தை இறக்கியதும், மேலே வரிசையாகப் பலகை அடுக்கித்தான் மண் போட வேண்டும். இல்லையென்றால் மணல் உள்ளே சரிந்துவிடும். அந்தக் கபுறுப் பலகைகள் றவூபின் கொட்டிலில் எப்போதும் அளவாக வெட்டித் தயாராகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்துச் செய்தி சொல்லி முடிவதற்குள் இரண்டு பேர் வந்து பலகையைத் தூக்கிப் போய்விடுவார்கள். அடுத்த நாளே றவூப் புதிதாக வெட்டி வைப்பார். கூலி வாங்க மாட்டார். "நம்மட மகல்லாவில எந்த மவுத்துக்கும் பலகை எண்ட கொட்டிலால" என்று சொல்லும்போது அவரது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

பக்கத்து மதிலுக்கு அப்பால் ஸலாஹுதீன் ஹாஜியார் வீடு. மீன் வியாபாரத்தில் ஓடியாடித் திரிந்த மனிதர், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்தார். போன மாதம் அவரது மகன் ஸஜாத் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"நானா, குற நினைக்காதீங்க. வாப்பாக்கு அந்த மெஷின் சத்தம் தலைக்குள்ள போய் அடிக்குதாம். கொஞ்சம் குறைக்க ஏலுமா?"

றவூபுக்கு அந்த இடத்திலேயே ஒரு யோசனை மின்னியது. யோசனை அல்ல, ஆசை. பல மாதமாக உள்ளே கிடந்த ஆசைக்கு ஒரு நல்ல சட்டை கிடைத்தது.

"நானும் அதத்தான் யோசிச்ச தம்பி. இந்தப் பழசத் தள்ளிப்போட்டு, சத்தம் குறைஞ்ச ஒண்டு எடுக்கப் போறன். உங்கட வாப்பாக்காகவே எடுக்கன்."

ஸஜாத்தின் கண் கலங்கிவிட்டது. அவன் அதைப் போய் வீட்டில் சொன்னான். ஹாஜியாரின் தம்பி மக்கீன் பள்ளியில் மரைக்கார். தங்கள் குடிவழிக்காகப் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர், உரத்த குரல்காரர். ஜும்ஆ முடிந்து வரும் வழியில் அவர் றவூபின் தோளில் தட்டி, "உங்களப்போல பக்கத்து வீட்டுக்காரன் கிடைக்கணும் காக்கா" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார்.

நஸ்லா மட்டும் அசையவில்லை.

"ஹாஜியாருக்காகவா? போன நோன்புல இருந்து அந்த மெஷின்ட படத்தத்தானே பார்த்துட்டு இருக்கீங்க. அப்ப ஹாஜியார் சைக்கிள்ல திரிஞ்சாரு."

"நீ சும்மா இரு புள்ள."

"நான் சும்மாதான் இருக்கன். உங்கட மெஷின் இருக்குதா எண்டு பாப்பம்."

சனிக்கிழமை காலை ஆட்டோவில் மெஷின் வந்து இறங்கியது. நஸ்லா சம்மாந்துறையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். ஸஜாத்தான் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்துக் கொட்டிலுக்குள் தூக்கி வைத்தான்.

"வாப்பாக்கிட்டச் சொன்ன நானா. உங்களுக்குத் துஆச் செய்யிறாரு."

மதிலுக்கு மேலால் ஹாஜியார் படுத்திருக்கும் அறையின் ஜன்னல் தெரிந்தது. நல்ல கை ஒன்று மெல்ல உயர்ந்தது. றவூபும் கையை உயர்த்தினார். ஆனால் அந்தப் பக்கம் முழுதாகப் பார்க்க முடியவில்லை. திருகாணி தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

ஸஜாத் போனதும் சுவிட்சைப் போட்டார்.

வினோதன் சொன்னது மெய். அது கத்தியது. தகரக் கூரையும் சேர்ந்து கத்தியது. பழைய மெஷின் அதற்குப் பக்கத்தில் ஒரு கொசு. றவூப் பதறிப்போய் நிறுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மதிலைப் பார்த்தார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மெஷினின் பச்சைப் பெயின்ட் வெயிலில் மினுங்கியது. ஒரே ஒரு பலகை என்று நினைத்தார். ஒன்றைச் சீவிப் பார்த்துவிட்டு மூடி வைப்போம். ஹாஜியார் சுகமாகட்டும், பிறகு பார்ப்போம்.

காதுமூடியை மாட்டினார். கடல் சத்தம், காகம், தெருவில் போன மீன்காரனின் ஹோர்ன் எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டன. சுவிட்சைப் போட்டார். மெஷின் பூனை உறுமுவது போல உறுமியது. தனக்குச் சத்தம் குறைந்ததும் ஊருக்கே குறைந்துவிட்டது போல ஒரு நிம்மதி வந்தது.

எந்தப் பலகையைக் கொடுப்பது? அலுமாரி செய்வதற்காக வருடக்கணக்கில் காயவைத்த முதிரைப் பலகைகள் மேலே பரணில் இருந்தன. பழகாத மெஷினில் அவற்றைக் கொடுக்க மனம் வரவில்லை. கைக்கு எட்டிய தூரத்தில், சுவரில், கபுறுப் பலகைகள் சாய்ந்து நின்றன. சாதாரண மாம்பலகை.

ஒருமுறை சீவினால் என்ன? மையத்துக்கும் மழமழவென்று இருப்பது நல்லதுதானே.

பலகை போனது. மறுபக்கம் வந்ததைக் கையால் தடவியபோது றவூபுக்கு உடம்பு சிலிர்த்தது. குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. இன்னொருமுறை கொடுத்தார். அடுத்த பலகை. அதற்கும் அடுத்தது. சுருள் சுருளாக மரச்சீவல் காலடியில் குவிந்தது. ஒரே பலகை என்று சொன்னது எந்தச் சீவலுக்குள் போனதோ தெரியவில்லை.

இடையில் ஒருமுறை நிமிர்ந்தார். மதிலுக்கு மேல் ஸஜாத்தின் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. கையை ஆட்டினான். மெஷின் எப்படி என்று கேட்கிறான் போல. றவூப் பெருவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். ஸஜாத் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முகம் மறைந்தது.

பலகைகள் முடியப்போகும் நேரத்தில் கொட்டில் வாசல் இருண்டது. மக்கீன் மரைக்கார் நின்றார். அவருக்குப் பின்னால் பள்ளியிலிருந்து மூன்று நான்கு பேர். எல்லாருடைய வாயும் அசைந்தது.

மெஷின் பார்க்க வந்திருக்கிறார்கள்! றவூப் ஒரு விரலை உயர்த்தி, பொறுங்கள் என்று சைகை காட்டினார். கடைசிப் பலகையை எடுத்து, வித்தை காட்டுகிறவன் போல இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு மெஷினுக்குள் தள்ளினார்.

மக்கீன் எட்டி வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

றவூப் காதுமூடியைக் கழற்றினார். முதலில் கேட்டது மதிலுக்கு அப்பால் பெண்களின் அழுகை. அதற்கு மேலால் பள்ளி ஒலிபெருக்கி. இரண்டாம் தரம் சொல்கிறார்கள் போலும்.

"...அல்ஹாஜ் ஸலாஹுதீன் அவர்கள் சற்று முன்னர் காலமானார்கள். ஜனாஸா அஸர் தொழுகையைத் தொடர்ந்து..."

"இன்னா லில்லாஹி" என்றார் றவூப்.

"எண்ட நானாட றூஹு பிரியக்குள்ளயும் இது ஓடின" என்றார் மக்கீன். இந்தமுறை அவர் குரல் உரக்கவில்லை. "ஸஜாத் மதிலால எட்டி நிப்பாட்டச் சொன்னானாம். நீங்க விரலக் காட்டின எண்டான். சரி. பலகைய எடுங்க."

யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் கீழே பார்த்தார்கள். அடுக்கி வைத்த பலகைகள் அழகாக இருந்தன. மக்கீன் ஒன்றைத் தூக்கி இரண்டு முனையிலும் பிடித்து மெல்ல அழுத்தினார். சீவிச் சீவி மெலிந்துபோயிருந்த அது வில் மாதிரி வளைந்தது.

"இதென்ன இது?"

"ரெண்டு ரெண்டா அடுக்கினா..." என்று றவூப் தொடங்கினார். தொடங்கியதுமே தன் வாயை அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"மணல் பாரத்துக்கு எண்ட நானாட மேல உடைஞ்சி விழவா?"

றவூப் ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறினார். முதிரைப் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். மெஷின் போட முடியாது. மதிலுக்கு அப்பால் மையத்து. கைவாளை எடுத்தார். முதிரை இலகுவில் அறுபடும் மரமல்ல. பழக்கம் விட்ட தோள் கொஞ்ச நேரத்தில் எரிந்தது. வந்தவர்களில் ஒருவர் வாளை வாங்கி அறுத்தார். பிறகு இன்னொருவர். அந்தக் கறகறச் சத்தமும் மதில் தாண்டிப் போனது. யாசீன் ஓதும் சத்தம் மதில் தாண்டி வந்தது. யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று றவூப் நினைத்தார். ஒருவரும் திட்டவில்லை.

நஸ்லா செய்தி கேட்டு ஓடி வந்து, மையத்து வீட்டுக்குப் போய்விட்டு, பின்வளவுக்கு வந்தாள். மரத்தூள் படிந்த தலையோடு நின்ற கணவனைப் பார்த்தாள்.

"பொம்புளயள் கேக்குறாங்க, உங்கட மனிசனுக்குக் காது இல்லயா எண்டு. இருக்கு, மஞ்சள் நிறத்தில ஒரு சோடி வாங்கி வெச்சிருக்காரு எண்டு சொல்லவா?"

அவள் அழுதிருந்தாள். றவூப் அடுத்த பலகையில் வாளை வைத்தார்.

அஸருக்கு முன் பலகைகள் தயாராகின. மையத்து வீட்டு முற்றத்தில் நாற்காலிகளில் ஆண்கள் இருந்தார்கள். றவூப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனபோது பேச்சு நின்றது. தூரத்து உறவுக்காரர் ஒருவர் கேட்டார்:

"இவரா அந்த மெஷின்காரன்?"

ஸஜாத் எழும்பினான். கண் சிவந்திருந்தது. ஆனாலும் குரல் தெளிவாக வந்தது.

"அவரக் குற சொல்லாதீங்க. வாப்பாக்காகத்தான் அவர் புது மெஷின் எடுத்த. சத்தம் இல்லாத மெஷின் எண்டு சொல்லிக் கடக்காரன் ஏமாத்தி வித்துட்டான்."

றவூபின் கையில் பலகை கனத்தது. வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான்.

"மெய்யா காக்கா?" மக்கீன் திரும்பினார். இப்போது அவர் குரல் பழையபடி உரத்தது. அவருக்கும் கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. "எந்தக் கட? யாரு வித்த?"

"கல்முனையில..." என்றார் றவூப். "வினோதன் எண்டு ஒரு பொடியன்."

அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான். முற்றத்தில் இருந்தவர்களின் முகம் இளகியது. ஒருவர் எழும்பி வந்து பலகையில் ஒரு பக்கம் பிடித்தார். "பாவம், நல்லது செய்யப் போய்" என்று யாரோ சொன்னார்கள்.

மையவாடியில் முதிரைப் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மணல் விழுந்தது. ஒன்றும் உடையவில்லை. எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள். றவூபும் போட்டார். மணல் விரலிடுக்கால் வழிந்தபோது, வினோதன் என்று தன் வாய் சொன்னது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்கு எந்த மூடியும் இல்லை.

திங்கட்கிழமை காலையிலேயே மக்கீன் ஆட்டோவோடு வந்துவிட்டார். ஸஜாத்தும் இருந்தான்.

"ஏத்துங்க காக்கா மெஷின. அவன்ட கடையிலயே கொண்டு போட்டு ரெண்டு கத கேப்பம்."

"இப்பவே வேணுமா? வீட்டில இன்னும் ஆக்கள் வந்து போற நேரம்..."

"நாம சும்மா இருந்தா நாளைக்கு இன்னொருத்தன ஏமாத்துவான்."

வழியெல்லாம் றவூப் வாய் திறக்கப் பார்த்தார். ஆட்டோ குலுங்கியது, மெஷின் முழங்காலில் இடித்தது, கல்முனை வந்துவிட்டது.

கடையில் சனம். மின்விசிறிகள் எல்லாம் சுழன்றன. வினோதன் கண்டதும் சிரித்தான்.

"என்ன நானா, கத்துதா?"

"ஏன் கத்தாது?" மக்கீன் கவுண்டரில் ஓங்கித் தட்டினார். "சத்தமில்லாத மெஷின் எண்டு சொல்லி விக்கிறயோ? மையத்து வீட்டில எங்கள வெக்கப்படுத்திட்டியே! எங்கட ஆக்கள் எண்டா என்னத்தயும் சொல்லி வித்துடலாம் எண்டு நினைச்சியா?"

ஆணி வாங்க நின்றவர்கள் திரும்பினார்கள். வாசலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து முதலாளி வந்தார்.

"வினோதன், என்ன சொல்லி வித்தனீ?"

"நான் அப்படிச் சொல்லல்ல ஐயா."

"அப்ப இவங்க சும்மாவா வந்து நிக்காங்க? ஒவ்வொரு நாளும் உன்னால ஒரு சண்டை. வேலைக்கு வேற ஆளப் பாக்கட்டா?"

வினோதன் றவூபைப் பார்த்தான்.

"நானாக்கிட்டயே கேளுங்க" என்றான்.

எல்லாரும் பார்த்தார்கள். 'நான் சரியாக் கேக்கல்ல போல' என்று ஒரு வசனம் றவூபின் நாக்கில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் யாருக்கும் பெரிய சேதமில்லாமல் வீட்டுக்குப் போகலாம். ஸஜாத் தன் பக்கத்தில், தனக்குச் சாட்சி போல, நிமிர்ந்து நின்றான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இந்தத் தம்பி கத்தும் எண்டுதான் சொன்னவர்" என்றார் றவூப். "கரண்ட் வரும் மட்டும் நில்லுங்க, கேட்டுட்டு எடுங்க எண்டும் சொன்னவர். நான் நிக்கல்ல."

"ஏன் நிக்கல்ல?" என்றார் மக்கீன்.

"கேட்டா எடுக்க ஏலாது எண்டு தெரியும்."

"அப்ப எண்ட நானாக்காக எண்டு சொன்ன கத?"

"பொய். எனக்கு ஆச. அவர்ட பேரச் சொல்லி எடுத்த."

மக்கீன் கவுண்டரில் இருந்த கையை எடுத்து வினோதனின் தோளில் வைத்தார். "குற நினைக்காத தம்பி" என்றார். பிறகு றவூபிடம், முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"இனிப் பலகைய நாங்க பள்ளியில வெட்டி வெப்பம். நீங்க சிரமப்படத் தேவல்ல."

அவர் இறங்கிப் போய்விட்டார். ஸஜாத் போகவில்லை.

"அண்டைக்கு வாப்பா கேட்டாரு, என்ன சத்தம் எண்டு. அவருக்குக் கத தெளிவா வராது, கண்ணால கேட்டாரு. உங்கட பேரச் சொல்ல எனக்கு மனம் வரல்ல நானா. வயல் வெட்டுற மெஷின் ஒண்டு ரோட்டால போகுது வாப்பா எண்டு சொன்ன."

றவூப் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒண்டும் சொல்லாதீங்க" என்றான் ஸஜாத். அவனும் படியிறங்கினான்.

சனம் ஆணியையும் பெயின்டையும் பார்க்கத் திரும்பியது. முதலாளி உள்ளே போனார். வினோதன் மெஷினின் கட்டை அவிழ்த்தான்.

"திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கட்டா நானா? முதலாளி இப்ப கொஞ்சம் சூடு. நாளைக்குக் கேக்கன்."

"அது பொறகு பாப்பம். இப்ப கரண்ட் இருக்குத்தானே?"

"ஓம்."

"போடுங்க. அண்டைக்குக் கேக்காமப் போனத இண்டைக்குக் கேட்டுட்டுப் போறன்."

வினோதன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு பிளக்கைச் சொருகினான். மஞ்சள் காதுமூடியை எடுத்து நீட்டினான். றவூப் வாங்கவில்லை.

மெஷின் கத்தியது. கண்ணாடி அலுமாரிகள் அதிர்ந்தன. ஆணி வாங்க நின்ற பெண் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். "நிப்பாட்டு!" என்று முதலாளி உள்ளேயிருந்து கத்தியது வாயசைவாக மட்டும் தெரிந்தது. றவூப் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். பல் அதிர்ந்தது. கண்ணில் நீர் வந்தது.

இதை ரோட்டால் போகும் வயல் மெஷின் என்று எந்த மனிதனும் நம்பியிருக்க மாட்டான்.